பிளாஸ்மா லேசர் கற்றையைக் கலைக்குமா, கட்டிப்போடுமா?

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் 800 நானோமீட்டர் அலைநீளத்தில், 40 ஃபெம்டோசெகண்ட் நீளும் ஒளித் துடிப்புகளை, துடிப்புக்கு 1 மில்லிஜூல் வீதம் தரும் லேசர் இருக்கிறது. 10 செ.மீ. லென்ஸ் வைத்துக் காற்றில் குவித்தால் சின்னப் பொறி ஒன்று தெரிகிறது. அதற்கு அப்பால் கற்றை கூம்பாக விரிந்துவிடுகிறது. பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்கள் பிரிந்து அயனியான வாயு, ஒளியை விரிக்கும் என்கிறது பாடநூல். அயனியாக்கம்தான் கற்றையை நெடுந்தூரம் கொண்டுபோகிறது என்றார் கருத்தரங்கில் ஒருவர். எது சரி? ஆற்றலைக் கூட்டிப் பார்க்கலாமா?

பதில்: இரண்டுமே சரி. ஆற்றலைத் தொட வேண்டாம், லென்ஸை மாற்றுங்கள்.

உங்கள் துடிப்பின் உச்சத் திறன் சுமார் 25 ஜிகாவாட். காற்றில் சில ஜிகாவாட்டைத் தாண்டினாலே கற்றை தன்னைத் தானே குவிக்கத் தொடங்கும்; ஒளிச்செறிவு மிகுந்த நடுப்பகுதியில் ஒளிவிலகல் எண் சற்றே உயர்வதுதான் காரணம். தடுப்பார் இல்லாவிட்டால் அது சுருங்கிக்கொண்டே போகும். தடுப்பது அயனியாக்கம். ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 12.07 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். உங்கள் லேசரின் ஒரு ஃபோட்டானிடம் (ஒளித்துகளிடம்) இருப்பதோ 1.55. ஆகவே எட்டு ஃபோட்டான்கள் ஒரே சமயத்தில் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். செறிவு 10 சதவீதம் கூடினாலே அயனியாக்க வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். அதனால்தான் இந்தத் தடை திடீரென்று வந்து விழுகிறது.

வெளியேறிய எலக்ட்ரான்கள் நடுவில் ஒளிவிலகல் எண்ணைக் குறைக்கின்றன, குழிலென்ஸ் வைத்ததுபோல. உள்ளிழுப்பும் வெளித்தள்ளலும் சமன்படும்போது 100 மைக்ரான் தடிமனில் ஒளியிழை உருவாகிறது; இது கண்ணாடி இழையல்ல, காற்றில் மெல்லிய கோடாக ஓடும் ஒளி. அந்தத் தடிமன் உள்ள சாதாரணக் கற்றை ஒரு சென்டிமீட்டர் தாண்டுவதற்குள் விரியத் தொடங்கிவிடும். மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 1995இல் வெளியிட்ட சோதனையில் ஒளியிழை 20 மீட்டர் அளவுக்குப் போனது. இத்தனைக்கும் அயனியாவது ஆயிரத்தில் ஒரு மூலக்கூறுகூட இல்லை.

உங்கள் 10 செ.மீ. லென்ஸ் இந்தச் சமநிலைக்கு இடமே கொடுப்பதில்லை. ஒரே புள்ளியில் எலக்ட்ரான்கள் குவிந்து, வெளித்தள்ளல் ஜெயித்துவிடுகிறது. 1 அல்லது 2 மீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸைப் போடுங்கள். ஆற்றலைக் கூட்டினாலும் இழைக்குள் செறிவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5×10¹³ வாட் அருகிலேயே நின்றுவிடும். மிச்சம் பல இழைகளாகப் பிரிந்து கற்றை நடுங்கும். காற்றுக்குப் பதிலாக ஆர்கான் வாயு நிரப்பிய கலத்தில் செய்வதானால் அழுத்தத்தைக் குறைத்து ஒற்றை இழைக்கு வரலாம். அழுத்தம் பாதியானால் தன்குவிவுக்கு வேண்டிய திறன் இரு மடங்காகும்.

கருத்தரங்கில் பேசியவர் இன்னொன்றை மனதில் வைத்தும் சொல்லியிருக்கலாம். முதலில் ஒரு துடிப்பு அல்லது மின்னிறக்கம் வாயுவைப் பிளாஸ்மாவாக்குகிறது. சூடான நடுப்பகுதியில் எலக்ட்ரான் அடர்த்தி குறைந்து, ஓரத்தில் கூடிவிடுகிறது. இப்போது ஒளிவிலகல் எண் நடுவில்தான் அதிகம். பின்னால் வரும் துடிப்பு அதற்குள் அடங்கி ஓடுகிறது. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மில்ஷ்பெர்க் குழு 1993இல் இதை லேசரால் செய்துகாட்டியது. பெர்க்லி ஆய்வகத்தில் மின்னிறக்கத்தால் உண்டாக்கிய 20 செ.மீ. தடத்தில் எலக்ட்ரான்களை 7.8 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் வரை முடுக்கி 2019இல் வெளியிட்டார்கள். அங்கே ஓடும் லேசரின் செறிவைக் கண்ணாடி இழை தாங்காது; அதனால்தான் பிளாஸ்மாத் தடம். உங்கள் மேசைக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து.

லென்ஸ் மாற்றியதும் விளக்கை அணைத்துப் பாருங்கள்: மெல்லிய ஊதாக் கோடு தெரியும், துடிப்புக்கு ஒரு ‘டிக்’ கேட்கும். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். இழையிலிருந்து வெண்ணொளியும் வருவதால், 800 நானோமீட்டரை மட்டும் தடுக்கும் கண்ணாடி போதாது. இழை ஓடும் இடத்தில் ஃபில்டரையோ ஆடியையோ வைத்தால் பள்ளம் விழும். கற்றை நன்றாக விரிந்த பிறகு வையுங்கள்.