ஒரு மணி நேரத்தில் எடுத்த டிரோபோனின் போதாது

நெஞ்சு அழுத்தியதும் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிபிகே 480, எஸ்ஜிஓடி 58, டிரோபோனின் நெகட்டிவ் என்று வந்திருக்கிறது, இது மாரடைப்பா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சிபிகே (தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் நொதி) 480 என்பதற்காக இரண்டு இரவு தூங்காமல் இணையத்தைப் புரட்டியிருக்க வேண்டாம். நெஞ்சு அழுத்திய ஒரு மணி நேரத்தில் லேபில் ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். அதற்குள் மாரடைப்பால் சிபிகே இவ்வளவு ஏறாது. முந்தைய நாள் முதுகுவலிக்கு இடுப்பில் போட்ட ஊசியே காரணமாக இருக்கலாம். தசையில் ஊசி போட்டாலே அது இரண்டு மடங்குக்கு மேல் போகலாம். எஸ்ஜிஓடி என்ற நொதி கல்லீரலிலிருந்தும் வரும், தசையிலிருந்தும் வரும். அதை வைத்து இதயத்தைப் பார்ப்பதை மருத்துவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

ஆனால் அதே ஒரு மணி நேரம்தான் உங்கள் ‘டிரோபோனின் நெகட்டிவ்’வையும் செல்லாததாக்குகிறது. டிரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். செல் சிதைந்தால்தான் ரத்தத்தில் கசியும். சாதாரணப் பரிசோதனையில் தெரிய 3 முதல் 6 மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் சில மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பது, அளவு ஏறுகிறதா என்று பார்க்கத்தான். ஏறிய டிரோபோனின் பொதுவாக ஒரு வாரமாவது தங்கும். பெரும்பாலும் இதயத் தசையில் இருக்கும் சிபிகே வகையான சிகே-எம்பி இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அதனால் அன்று இரவு சேதம் நடந்ததா என்பதை இப்போது எடுக்கும் டிரோபோனினும் சொல்லும்.

அது இயல்பாக வந்தாலும் நிம்மதியாகிவிடாதீர்கள். ரத்தக்குழாய் அடைபட்டும் தசை சாகவில்லை என்றால் டிரோபோனின் ஏறாது. அன்றிலிருந்து மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் விடுகிறது என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை அதில்தான். 54 வயதில், சர்க்கரை நோயும் இருக்கும்போது, புதிதாக வந்த இந்த இறுக்கத்தை வாயு என்று நினைத்து கேஸ் மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பது ஆபத்து. இன்றே இதய மருத்துவரைப் பாருங்கள். இசிஜி சரியாக வந்தாலும் மாடிப்படி விஷயத்தைச் சொல்லாமல் திரும்பாதீர்கள். எக்கோவோ ஆஞ்சியோகிராமோ வேண்டுமா என்பதை முடிவு செய்ய அதுதான் உதவும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலி வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, நின்ற பிறகும் இறுக்கம் விடாவிட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள். லேபுக்குப் போகாதீர்கள். மருத்துவமனையில் 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்தாக வேண்டும். அதில் பெரிய அடைப்பு தெரிந்தால் ரத்த முடிவுக்குக் காத்திராமலே சிகிச்சை தொடங்கிவிடும். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர் 300 மில்லிகிராம் மென்று விழுங்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் தரும் சார்பிட்ரேட் என்ற நெஞ்சுவலி மாத்திரையை நாக்கடியில் வைக்காதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று சரியும். முடி உதிர்வுக்குப் பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில கருவிகளில் அது டிரோபோனினைக் குறைத்துக் காட்டும்.