கஜா புயலுக்குப் பிறகு ஊர்க்காரர்களே செய்த வேலைகளில் உண்மையில் எது உதவியது?

என்னைக் கேட்டால் ஜெனரேட்டர் என்றுதான் சொல்வேன்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து 4 கிலோமீட்டர் உள்ளே. 2018 நவம்பர் 16 விடிந்தபோது தோப்பு இருந்த இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. பாதை முழுக்கத் தென்னை. மரம் அறுக்கிற மிஷினை வைத்து மெயின் ரோடு வரை வழி எடுக்கவே இரண்டு நாள் ஆனது.

சாப்பாட்டைவிடத் தண்ணீர்தான் பெரும்பாடு. கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாதே! வீட்டுக்கு 200 ரூபாய் போட்டுத் திருச்சியிலிருந்து ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்தோம். டேங்க் நிரம்பியதும் தெருவுக்கு அரை மணி நேரம் தண்ணீர். அந்த நேரத்திலேயே கோயில் வாசலில் செல்போன் சார்ஜும் நடக்கும். ஒரே பெஞ்சில் நாற்பது போன், மாறிவிடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டிய சீட்டு.

வெளியூர் நிவாரண லாரிகளைக் குறை சொல்லக்கூடாது, மனசோடுதான் வந்தார்கள். ஆனால் ரோட்டோர ஊர்களிலேயே எல்லாம் இறங்கிவிடும். எங்களுக்கு வந்து சேர்ந்தது பழைய துணி மூட்டை. சரி என்று பையன்கள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். கூரை போனது யாருக்கு, கைக்குழந்தை எங்கே, சுகர் மாத்திரை யாருக்கு என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதன் பிறகுதான் தார்ப்பாய், கொசுவத்தி, நாப்கின் எல்லாம் வந்தன.

கம்பம் நட வெளிமாவட்ட மின்வாரிய ஊழியர்கள் வந்தார்கள். வண்டி போகாத வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்தது எங்கள் ஆட்கள். வந்த ஊழியர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் ஊர்ச் செலவு.

தென்னைதான் இன்னும் ஆறவில்லை. விழுந்த மரத்துக்கு அரசு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் கொடுத்தது. முப்பது வருஷ மரத்துக்கு இது எந்த மூலைக்கு? அதற்காக அப்படியே போட்டுவைக்கவும் முடியாது. மக்கும் அடிமரத்தில் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பித்த மரத்தின் குருத்தையும் தின்னும். அதனால் ஒருவர் தோப்பை ஒருவர் முறைவைத்துச் சுத்தம் செய்தோம்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஜெனரேட்டர் கணக்கு. மூன்று வீட்டுப் பாக்கி நிற்கிறது. அதில் ஒன்று என் சித்தப்பா வீடு.