கமடோர் நிறுவனத்தின் 128 என்ற வீட்டுக் கணினி வந்த பிறகும் பலர் அதற்கு முந்தைய கமடோர் 64-ஐ விடாதது ஏன்?

முக்கியக் காரணம் 128-க்குள்ளேயே இருந்தது. 1985-இல் வந்த அந்தக் கணினியில், 1982-இன் 64-க்கு எழுதிய மென்பொருளும் ஓட வேண்டும் என்று முழு 64-ஐயும் ஒரு தனி இயக்க முறையாகவே உள்ளே வைத்துவிட்டார்கள். 'கோ64' என்று தட்டினால், நிச்சயம்தானா என்று ஒருமுறை கேட்டுவிட்டு 64-இன் பழைய நீலத்திரைக்குப் போய்விடும்.

வாங்குபவருக்கு வசதிதான். ஆனால் விளையாட்டு எழுதுபவர் கணக்குப் போடுவார் அல்லவா? 64-க்கு எழுதினால் இரண்டிலும் ஓடும். 128-க்கு எழுதினால் ஒன்றில் மட்டும். அப்புறம் யார் மெனக்கெடுவார்கள்? விளையாட்டெல்லாம் 64-க்கே வரும்போது, அதை வைத்திருப்பவர் ஏன் மாறப்போகிறார்? 128-இல் இருந்த, வரிக்கு 80 எழுத்து காட்டும் திரை, சிபி/எம் என்ற இயங்குதளத்தை ஓட்டும் வசதி எல்லாம் அலுவலக வேலைக்கு நல்லவை, வீட்டுப் பிள்ளைகளை இழுக்கவில்லை.

பழக்கமும் ஒரு காரணம். 64-இன் பேசிக் நிரல்மொழியில் நிறம் மாற்றத் தனிக் கட்டளையே கிடையாது. 'போக் 53280,0' என்று நினைவக முகவரியிலேயே எழுதினால் திரை ஓரம் கறுப்பாகும். 128-இல் இதற்கெல்லாம் அழகான கட்டளைகள் உண்டு. ஆனால் அந்த எண்களை மனப்பாடம் செய்தவருக்கு இயந்திரத்தின் உள்ளே கைவிட்டுப் பார்த்த திருப்தி. அதை இழக்க அவருக்கு மனமில்லை. என் பார்வையில் நியாயமான பிடிவாதம்தான். 128-இன் உற்பத்தி 1989-இல் நின்றது. 64 மட்டும் 1994 வரை, நிறுவனம் திவாலாகும்வரை ஓடியது.