வீட்டு போட்டோ ஃபிரேமுக்குச் சொந்த சர்வர் வைப்பது வீண் வேலையா?

கேள்வி: கிளவுட் சந்தா எதுவும் கட்டாமல், வீட்டிலுள்ள கணினியைக் கொண்டே டிஜிட்டல் போட்டோ ஃபிரேமை இயக்க நல்ல மென்பொருள் எது? பழைய டேப்லெட் ஒன்று இருக்கிறது, அது போதுமா? அல்லது இதெல்லாம் வீண் வேலையா?

பதில்:

"வீண் வேலையா" என்று நீங்கள் கடைசியில் கேட்டதற்காகவே இதை எழுதுகிறேன். கைப்பேசியைத் திறந்து படம் பார்க்கத் தெரியாத, ஆனால் பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் தினமும் பார்க்க ஆசைப்படும் ஒரு பெரியவர் உங்கள் வீட்டிலும் இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அம்மாவின் பிறந்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி அருகில். 2020இல் எல்லை அடைக்கப்பட்டு, கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்ட பாஸ் வேண்டும் என்று ஆனபோது, நினைத்த நேரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்வந்த அம்மா வீட்டோடு இருக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் கிளவுட் வழியாக இயங்கும் ஃபிரேம் ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்தேன். பெரியம்மா மகன் அங்கிருந்து அனுப்பும் படம் இங்கே சற்று நேரத்தில் தெரியும். பிறகு அந்த நிறுவனம் தன் சேவையை நிறுத்திவிட்டது. திரை பழுதாகவில்லை, வயர் பழுதாகவில்லை. ஆயினும் நிறுவனத்தின் சர்வரைக் கேட்காமல் ஒரு படத்தையும் காட்டாதபடி அதை வடிவமைத்திருந்தார்கள். "ஏங்கண்ணு, அக்கா இப்பெல்லாம் படமே அனுப்பறதில்லயா?" என்று அம்மா என்னிடம் கேட்டார். ஒரு நிறுவனம் கடையைக் கட்டியதன் பழி பெரியம்மாமேல் விழுந்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பிறர் சர்வர் நின்றால் தானும் நின்றுபோகும் ஃபிரேமை இனி வாங்குவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பெரிய நிறுவனமாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை வராது என்று சிலர் சொல்வார்கள். கூகுள் போட்டோஸ் 2025 மார்ச் 31 முதல், பயனரின் முழுப் படத் தொகுப்பையும் வெளி மென்பொருள்கள் வாசிப்பதற்கான அனுமதியை விலக்கிக்கொண்டது. அதை நம்பி ஓடிய ஃபிரேம் மென்பொருள்களில், காட்ட வேண்டிய படங்களைப் பயனரே கையால் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. அப்படி விதிக்க அவர்களுக்கு உரிமை உண்டு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த விதி மாறும்போது அம்மாவால் என்ன செய்ய முடியும்?

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது இம்மிச். படங்களை வீட்டுக் கணினியிலேயே சேர்த்து வைத்துப் பார்க்க உதவும் இந்தத் திறமூல மென்பொருள், 2022இல் தொடங்கப்பட்டு, 2025 அக்டோபரில் 2.0 பதிப்பாக நிலைபெற்றது. மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாகக் கணினியில் ஓட்டும் டாக்கர் என்ற கருவி வழியாக இதை நிறுவ வேண்டும். 8 ஜிபி நினைவகம் உள்ள கணினி இருந்தால் நிம்மதி. நான் அதைப் பழைய லேப்டாப் ஒன்றில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது தென்னை மட்டை கம்பியில் விழுந்து கரண்டு போவது இங்கே வழக்கம். லேப்டாப்பின் பேட்டரியே யுபிஎஸ் ஆகிவிடுகிறது.

ஃபிரேமாக இருப்பது ஒரு மானிட்டரும் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினியும். அதன் குரோமியம் உலாவி முழுத்திரையில் இம்மிச் கியோஸ்க் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும். கியோஸ்க் என்பது இம்மிச்சில் உள்ள படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்ட, இம்மிச் குழுவுக்கு வெளியே உள்ளவர்கள் தனியாக எழுதிய மென்பொருள். சர்வர் முகவரியும் ஏபிஐ சாவியும் (வேறு மென்பொருள் உள்ளே வர இம்மிச் தரும் ரகசியக் குறியீடு) கொடுத்தால் போதும், அந்தச் சாவிக்கும் வாசிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். கைப்பேசியில் நெட்டுவாக்கில் எடுத்த படங்களை இரண்டிரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவதும், இரவில் தானே திரையை இருட்டாக்கிக் காலையில் விழிப்பதும் அதில் எனக்கு மிகவும் பிடித்தவை. ராஸ்பெர்ரி பையின் மெமரி கார்டு திடீர் மின்வெட்டில் கெட்டுப்போகாமல் இருக்க, அதன் அமைப்புகளில் உள்ள ஓவர்லே வசதியை இயக்கி, கார்டில் எதுவும் எழுதப்படாதபடி செய்துவிடுங்கள்.

மென்பொருளைவிடப் படங்களை ஒழுங்கு செய்வதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் எடுத்த தேதி அழிந்திருக்கும். ஆனால் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் சேமிக்கப்பட்ட கோப்பின் பெயரில் 20190414 என்பதுபோல எட்டு இலக்கத்தில் வந்த நாள் இருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி அந்த எண்ணைப் படித்துத் தேதியாகப் படத்துக்குள் எழுதிவிடும். ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கு இம்மிச்சிலேயே கையால் தேதி கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால்தான், முந்தைய ஆண்டுகளில் இதே நாளில் எடுத்தவற்றைக் காட்டும் இம்மிச்சின் வசதியில், சித்திரை முதல் நாளன்று பழைய சித்திரை முதல் நாட்களின் படங்கள் வரும்.

இந்த இடத்தில் என் ஆற்றாமையையும் சொல்லிவிடுகிறேன். தங்கை கல்யாணப் படங்களின் மூலக் கோப்புகளைத் தர ஒரு ஸ்டூடியோ மறுத்துவிட்டது. ஆல்பத்துக்கும் வீடியோவுக்கும் முழுப் பணம் வாங்கிக்கொண்டு, காலாவதியாகும் ஒரு லிங்கில் சுருக்கிய படங்களை மட்டும் கொடுத்தார்கள். மாலை மாற்றும்போது அப்பா கண்ணைத் துடைக்கும் படம் பெரிய திரையில் மங்கலாகத் தெரிவதற்கு அதுவே காரணம். ஸ்டூடியோவில் முன்பணம் கொடுக்கும் முன்பே மூலக் கோப்புகளைத் தருவார்களா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபிரேமுக்கென்று தனி ஆல்பம் ஒன்றை உருவாக்கி, அதை மட்டும் காட்டச் சொல்லுங்கள். எல்லாப் படங்களையும் திறந்துவிட்டால், கைப்பேசியில் எடுத்து வைத்த ஆதார் அட்டையும் பாங்க் பாஸ்புக்கும் விருந்தாளிகள் முன்னால் திரையில் வரும். பெரியம்மா மகனுக்கு அந்த ஆல்பத்தில் படம் சேர்க்க அனுமதி கொடுத்திருக்கிறேன். நம் கருவிகளை மட்டும் தனிப்பட்ட வலையமைப்பாக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் வழியாக அவர் கைப்பேசி எங்கள் சர்வரை அடைகிறது. ரூட்டரில் போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை) திறந்து சர்வரை இணையத்தின் நடுவில் நிறுத்தாதீர்கள். இம்மிச் தானாக எடுத்து வைக்கும் நகல் தரவுத்தளத்துக்கு மட்டுமே; படங்களை நீங்கள்தான் தனி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து வேறு வீட்டில் வைக்க வேண்டும். இத்தனை பாடு யார் படுவது, சந்தா கட்டிவிட்டால் போகிறது என்பவர்களை நான் தடுக்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததற்குப் பிறகு என்னால் அப்படி இருக்க இயலாது, அவ்வளவுதான்.

ஃபிரேமின் திரையாக உங்கள் பழைய டேப்லெட் போதும். ஆண்ட்ராய்டு என்றால் இம்மிச் படங்களைக் காட்டும் இம்மிச்ஃபிரேம் செயலியையோ, இணையப் பக்கத்தை முழுத்திரையில் காட்டும் ஃபுல்லி கியோஸ்க் உலாவியையோ போட்டுக்கொள்ளலாம். ஆனால் இரவு பகலாகச் சார்ஜரிலேயே விட்டால் அதன் பேட்டரி உப்பிவிடக்கூடும். ஸ்மார்ட் பிளக் ஒன்றை வைத்து அவ்வப்போது மட்டும் மின்சாரம் போகும்படி நேரம் குறித்துவிடுங்கள். பின்பக்கம் இப்போதே புடைத்திருந்தால் அதைச் சுவரில் மாட்ட வேண்டாம், பேட்டரியை மாற்றிய பிறகு தொடங்குங்கள்.