ஆண்டி வார்ஹோலின் அம்மா – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பிட்ஸ்பர்க்கில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை இங்குள்ள, அமெரிக்க பாப் ஆர்ட் ஓவியர் ஆண்டி வார்ஹோலின் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். சூப் டப்பா ஓவியமெல்லாம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வார்ஹோலின் தாய் ஜூலியா வரைந்த பூனைகளையும் தேவதைகளையும் பற்றிச் சொன்னதும் “இந்தம்மா யாரு?” என்று கேட்டார். புலம்பெயர்ந்து வந்தவர், பக்தியானவர், மகனுக்காகவே வாழ்ந்தவர் என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் எழுதுங்களேன்.

எம்.

அன்புள்ள எம்.,

மகனுக்காகவே வாழ்ந்தவர் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1928-ல் ஆண்டி பிறந்தபோது ஜூலியாவுக்கு வயது 36. அதற்குள் அவர் பட்டது இன்னொருவருக்கு ஆயுசு முழுவதற்கும் போதும்.

கார்ப்பாத்திய மலையடிவாரத்தில் மிகோவா என்ற சின்ன கிராமம். இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது; 1891-ல் ஜூலியா பிறந்தபோது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. அவர்கள் ருசின் என்ற ஸ்லாவிய இனத்தவர், கிரேக்க கத்தோலிக்கர்கள். கேரளத்து சீரோ மலபார் சபையார் போலத்தான், போப்பை ஏற்றுக்கொண்டவர்கள், ஆனால் வழிபாட்டு முறை கிழக்கத்தியது. ஜெபம் பழைய ஸ்லாவோனிக் மொழியில் நடக்கும்.

1909-ல் ஆந்த்ரேயைக் கல்யாணம் செய்துகொண்டார். 1912-ல் கணவர் ராணுவத்துக்குப் பிடித்துக்கொண்டு போவதிலிருந்து தப்ப அமெரிக்கா போய்விட்டார். முதல் குழந்தை, பெண், கைக்குழந்தையாகவே இறந்துபோனது. அப்புறம் முதல் உலகப்போர் வந்தது. ரஷ்யப் படையும் ஆஸ்திரியப் படையும் மோதிக்கொண்டது அந்த மலைகளில்தான். ஜூலியாவின் அம்மாவும் இறந்துபோக, சின்னத் தங்கைகள் இரண்டு பேரை வளர்க்கும் பொறுப்பும் ஜூலியா தலையில் விழுந்தது. கணவரைப் பார்க்காமல் ஒன்பது வருஷம். 1921-ல் ஒரு பாதிரியாரிடம் கடன் வாங்கிக் கப்பல் ஏறினார். கிழக்கு ஐரோப்பியர்கள் வருவதைக் கட்டுப்படுத்த அமெரிக்கா ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டுவந்ததும் அதே வருஷம்தான். கொஞ்சம் தாமதித்திருந்தால் பிட்ஸ்பர்க்கே இல்லை.

பக்தி என்றால் நாம் ஓர் அறையில் உட்கார்ந்து கண்மூடுவதை நினைத்துக்கொள்கிறோம். ஜூலியாவுக்கு அது பெரும்பாலும் கைவேலையாகவே இருந்தது. ஈஸ்டருக்கு முட்டை ஓட்டில் மெழுகால் கோலம் போட்டுச் சாயம் ஏற்றுவார். தேவதைகளை வரைவார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை நடத்தியே பள்ளத்தாக்கில் இருக்கும் புனித ஜான் கிறிசோஸ்தம் கோயிலுக்குக் கூட்டிப்போவார். அங்கே பீடத்துக்கு முன்னால் ஒரு பெரிய படத்தடுப்பு, பொன் பின்னணியில் வரிசை வரிசையாகப் புனிதர்கள், எல்லாரும் நேராக நம்மைப் பார்ப்பார்கள். சின்ன ஆண்டி வாரா வாரம் மணிக்கணக்கில் பார்த்தது அதைத்தான். பிற்பாடு அவர் தங்க நிறத்தின் நடுவே மர்லின் மன்றோவை வைத்தபோது அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

பொருளாதார மந்தக் காலத்தில் வீட்டில் காசில்லை. ஜூலியா வீடுகளில் துப்புரவு வேலைக்குப் போனார். காலிப் பழ டப்பாக்களைக் கத்தரிக்கோலால் இதழ் இதழாக வெட்டி, வளைத்து, வண்ணக் காகிதம் சேர்த்துப் பூக்கள் செய்தார். தகரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினால் விரல் என்ன பாடுபடும் என்பதை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். அந்தப் பூக்களை வீடு வீடாகப் போய் விற்றார். 1962-ல் மகன் சூப் டப்பாக்களை 32 கான்வாஸ்களில் வரைந்து காட்சிக்கு வைத்தார். டப்பாவை முதலில் கலைப்பொருளாகப் பார்த்தவர் யார் என்று அருங்காட்சியகத்தில் நிற்கிறவர்கள் யோசிக்க வேண்டும். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், டப்பா ஓவியம் ஒருவேளை பிடித்துப்போகலாம்.

எட்டு வயதில் ஆண்டிக்குக் கைகால் தானாக வெட்டியிழுக்கும் நோய் வந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். படப் புத்தகத்தில் ஒரு பக்கம் வண்ணம் தீட்டினால் ஒரு ஹெர்ஷே சாக்லேட் என்று அம்மா ஆசை காட்டி வரைய வைத்தது அப்போதுதான். 1942-ல் கணவர் இறந்தார். இரண்டு வருஷத்தில் ஜூலியாவுக்கே பெருங்குடல் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பின் வாழ்நாளெல்லாம் வயிற்றில் மலம் சேரும் பையோடு இருந்தார்.

அறுபது வயதில் மகனைத் தேடி நியூயார்க் போனார். கிட்டத்தட்ட இருபது வருஷம் அங்கே. வெறுமனே சமைத்துப்போடப் போனதாக எழுதுகிறார்கள், எனக்கு அது பொறுக்கவில்லை. விளம்பர ஓவியராக ஆண்டி பெயர் எடுத்த நாட்களில், அந்தப் படங்களில் இருக்கும் சுருள் சுருளான அழகிய எழுத்து ஜூலியாவுடையது. ஆங்கிலம் அரைகுறை, எழுத்தைப் படம் போலப் பார்த்து எழுதுவார். இடையில் எழுத்து விடுபட்டால் மகன் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுவார். மூன்டாக் என்ற இசைக்கலைஞரின் இசைத்தட்டு உறைக்கு விருது கிடைத்தபோது சான்றிதழில் இருந்த பெயர் “ஆண்டி வார்ஹோலின் அம்மா”. விருது கொடுக்கும்போதுகூடச் சொந்தப் பெயர் இல்லை. எனக்கு இது இன்றும் வலிக்கிறது.

பிள்ளை உலகப் புகழ் பெற்ற வருஷங்களில் ஜூலியா வீட்டின் கீழ்த்தளத்தில், பெரும்பாலும் தனியாக இருந்தார். அமெரிக்காவில் பிள்ளைகளோடு இருக்கும் நம் அம்மாக்கள் சிலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஆண்டி வெளியே கிளம்புமுன் அம்மாவோடு சேர்ந்து ஜெபித்துவிட்டுத்தான் போவார் என்கிறார்கள். அவர் தவறாமல் கோயிலுக்குப் போனதும், ஏழைகளுக்கு உணவு பரிமாறப் போனதும் 1987-ல் அவர் இறந்தபிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

ஜூலியா 1972 நவம்பரில் பிட்ஸ்பர்க்கில் இறந்தார். ஆண்டி அடக்கத்துக்கு வரவில்லை. அம்மா எங்கே என்று கேட்டவர்களிடம் கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கல்நெஞ்சம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மா ஊருக்குத் திரும்புமுன் ஒரு ஞாயிறு அந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். நெடுஞ்சாலைக்குக் கீழே இன்னும் இருக்கிறது, வழிபாடும் நடக்கிறது. நேரமிருந்தால் பெத்தல் பார்க் கல்லறைத் தோட்டத்துக்கும் போகலாம். ஜூலியா, ஆந்த்ரே, ஆண்டி மூவரும் அங்கேதான். அங்கே முதலில் ஜூலியாவின் பெயரைத் தேடுங்கள்.

அன்புடன்