நான் தனிமையில் வாடுகிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதை அளக்க முடியுமா?

கேள்வியைப் பார்த்தால் வேலைக்காகக் கோலாலம்பூர் வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளை மாதிரித் தெரிகிறது. இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அளக்கலாம். அதற்கென்றே அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் உருவான யூ.சி.எல்.ஏ. அளவுகோலில் 20 கேள்விகள். 2004-இல் அதை மூன்றாகச் சுருக்கினார்கள். துணைக்கு ஆளில்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? நம்மை ஒதுக்கிவிட்டார்கள் என்று? எல்லாரையும் விட்டு விலகிக் கிடக்கிறோம் என்று? அபூர்வம் என்றால் 1, சில நேரம் 2, அடிக்கடி 3. கூட்டினால் 3 முதல் 9 வரை. 6-ஐத் தொட்டாலே பல ஆய்வுகளில் தனிமைக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

செந்தூலில் மூத்தோர் கூடும் இடத்துக்கு ஒரு மாணவி வந்து இதைக் கேட்டது. எனக்கு 3. "தனியாத்தானேம்மா இருக்கீங்க?" என்று மறுபடி கூட்டிப் பார்த்தது! கணவர் போய்விட்டார், ஃப்ளாட்டில் நான் மட்டும்தான். அதற்காக எல்லாரும் பரிதாபப்படுவது எனக்குப் பிடிக்காது.

பூச்சோங்கில் மகன் வீட்டில் இருந்தபோது கேட்டிருந்தால் 7, 8 வந்திருக்கும். மருமகளைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வராதீர்கள். "பசியாறிட்டீங்களா அத்தை?" என்று கேட்காமல் வேலைக்குப் போனதில்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில் ஆபீஸ், டியூஷன், எல்லாம் இங்கிலீஷில் ஓடும். என்ன சொல்லலாம் என்று பகலெல்லாம் யோசித்து வைத்திருப்பேன். வாயைத் திறப்பதற்குள் தட்டைக் கழுவப் போயிருப்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு அப்போது 3 போட்டிருப்பேன்.

இங்கே கீழ்வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) இருக்கிறார், கோயில் இருக்கிறது. குறை லிஃப்ட் மட்டும்தான். மாதாமாதம் பராமரிப்புக் காசு வாங்கத் தெரிகிறது, லிஃப்டைச் சரிபண்ணத் தெரியவில்லை. முட்டி வலியோடு அரிசி மூட்டையைத் தூக்கிப் படி ஏறிப் பார்த்தால் தெரியும் அவர்களுக்கு. சரி, அது வேறு கதை.

ராயா (நோன்புப் பெருநாள்) லீவில் ரூம்மேட் எல்லாம் கம்போங், அதாவது சொந்த ஊர், போன ராத்திரியில் இதைப் போட்டுப் பார்க்காதீர்கள், அன்றைக்கு யாருக்கும் 9 வரும். சாதாரண வேலை நாளில் பாருங்கள். எந்தக் கேள்விக்கு மதிப்பெண் ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள். முதலாவதென்றால் ஆள் தேட வேண்டும். இரண்டாவதென்றால், கூட இருப்பவர்களிடமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது என் கணக்கு, ஆய்வாளர்கள் சொன்னதில்லை. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் இந்த மூன்று கேள்வி போதாது, கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லுங்கள்.