நங்கூரமும் ஆயுதம்தான்: கடலடி கேபிள் பாதுகாப்பு, வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கடலடி கேபிளை அறுக்க நீர்மூழ்கிக் கப்பலும் வெடிமருந்தும் வேண்டாமா?

ஆழம் குறைந்த கடலில் ஒரு நங்கூரமே போதும். 2022 செப்டம்பரில் பால்டிக் கடலடியில் ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குச் செல்லும் நார்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய்களை வெடிவைத்துத்தான் தகர்த்தார்கள். ஆனால் 2023 அக்டோபரில் பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையே பால்டிக்கனெக்டர் எரிவாயுக் குழாய் உடைந்தபோது, அருகிலேயே கிடைத்தது 6 டன் எடையுள்ள ஒரு நங்கூரம்.

உலகில் ஆண்டுக்கு 150 முதல் 200 கேபிள் பழுதுகள் நேர்கின்றன. அவற்றில் முக்கால் பங்குக்குக் காரணம் மீன்பிடி வலைகளும் நங்கூரங்களும்தான். அந்தக் கூட்டத்தில் ஒரு நாசவேலை ஒளிந்துகொள்வது எளிது. கரையோரத்தில் கேபிளுக்கு எஃகுக் கம்பிக் கவசம் போட்டு 1 முதல் 2 மீட்டர் ஆழத்தில் புதைக்கிறார்கள். இழுவலைக்கு அது தாங்கும். பெரிய கப்பலின் நங்கூரமோ மென்சேற்றில் அதைவிட ஆழமாக இறங்கிவிடும்.

கேள்வி: அறுபடும் முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா?

இரண்டு வழிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது, கப்பல்கள் தம் பெயர், இடம், வேகம், திசை ஆகியவற்றைத் தாமாகவே ரேடியோவில் ஒலிபரப்பும் ஏ.ஐ.எஸ். தகவல். நங்கூரம் தரையில் இழுபட்டால் கப்பலின் வேகம் காரணமின்றிக் குறையும், திசையும் தடுமாறும். கேபிள் பாதையை நெருங்கும்போது இப்படி நடந்தால் கப்பல்களை அழைப்பதற்கான பொது ரேடியோ அலைவரிசையான வி.எச்.எஃப். 16இல், என்ன நடக்கிறது என்று கரையிலிருந்து உடனே கேட்டுவிட வேண்டும். ஏ.ஐ.எஸ். கருவியை அணைத்துவிட்டால் ரேடாரும் ரோந்து விமானமும்தான் துணை.

இரண்டாவது வழியில் கேபிளே காதாக மாறுகிறது. கேபிளில் தகவலைச் சுமக்கும் கண்ணாடி இழையான ஒளியிழைக்குள் லேசர் துடிப்பை அனுப்பினால், கண்ணாடியின் நுண்ணிய சீரின்மைகளில் பட்டு ஒளியில் சிறு பங்கு திரும்பி வரும். தரையில் ஏதாவது உராய்ந்தால் இழை மிக நுட்பமாக நீண்டு சுருங்கும், திரும்பும் ஒளியும் மாறும். இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்வதால், 1 மில்லி நொடியில் திரும்பி வந்த சைகை 100 கி.மீ. தொலைவிலிருந்து வந்தது என்று கணக்கிடலாம். நீண்ட கேபிள்களில் 60 முதல் 100 கி.மீ.க்கு ஒன்றாக இருக்கும், மங்கிய ஒளியை வலுப்படுத்தும் ரிப்பீட்டர்கள் அதை ஒரு பக்கமாகவே விடும். அதனால் பொதுவாகக் கரையிலிருந்து முதல் ரிப்பீட்டர் வரைதான் இந்தக் காது கேட்கும். நங்கூர ஆபத்து அதிகமுள்ள பகுதியும் அதுதான் என்பதால், இதைப் பொருத்தாமல் விடுவது பெரிய தவறு.

கேள்வி: குற்றவாளிக் கப்பலைப் பிடித்துத் தண்டிக்கலாமே?

கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள, ஒரு நாட்டின் சொந்தக் கடற்பகுதிக்கு அப்பால் அது கடினம். ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 113ஆம் பிரிவு, தண்டிக்கும் பொறுப்பை முக்கியமாகக் கப்பலின் கொடி நாட்டிடம், அதாவது கப்பல் பதிவான நாட்டிடம் விடுகிறது. 2024 டிசம்பர் 25 அன்று பின்லாந்தையும் எஸ்டோனியாவையும் இணைக்கும் எஸ்ட்லிங்க் 2 மின் கேபிள் அறுந்ததும், ஈகிள் எஸ் என்ற எண்ணெய்க் கப்பலைப் பின்லாந்து மடக்கியது. ஆனால் 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி மாவட்ட நீதிமன்றம், தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தது.

கேள்வி: போர்க்காலத்தில் அறுந்த கேபிளை எப்படி இணைப்பார்கள்?

முதலில் இரு கரைகளிலிருந்தும் சோதனைச் சைகை அனுப்பிப் பழுதின் இடத்தைக் குறிப்பார்கள். கேபிள் முழுதாக அறாமல் நசுங்கியிருந்தால், வெட்டும் கொக்கியால் அதை முதலில் துண்டிப்பார்கள். ஏனென்றால் ஆழ்கடலில் தரையோடு கிடக்கும் கேபிளில் மேலே தூக்கும் அளவுக்குத் தளர்ச்சி இருக்காது. பிறகு ஒரு முனையைத் தூக்கிச் சோதித்து, நீர் புகாமல் அடைத்து, மிதவையில் கட்டி விடுவார்கள். மறுமுனையை எடுத்து உதிரி கேபிளை இணைத்து, மிதவை வரை விரித்துவந்து கடைசி இணைப்பைப் போடுவார்கள். இழைகளை உருக்கி ஒட்டி, மேலே பாலிஎத்திலீன் வார்த்து, எக்ஸ்ரே எடுத்த பிறகே கடலில் இறக்குவார்கள்.

இந்த வேலை முழுக்கக் கப்பல் ஒரே இடத்தில் நிற்கவோ மெதுவாக நகரவோதான் முடியும். தாக்குதல் நடக்கும் கடலில் அது அப்பட்டமான இலக்கு. 2024 பிப்ரவரியில் ஏமனின் ஹூதி ஆயுதக் குழுவின் தாக்குதலுக்குள்ளான ரூபிமார் சரக்குக் கப்பல், நங்கூரத்தை இழுத்தபடி மிதந்து செங்கடலில் 3 கேபிள்களை அறுத்ததாகக் கருதப்படுகிறது. அவற்றைச் சரிசெய்யும் பணி மாதக்கணக்கில் இழுத்தது. ஆகவே பழுதுக் கப்பல், உதிரி கேபிள், துணைக்கு ஒரு போர்க்கப்பல், கரையோர நாட்டின் அனுமதி ஆகிய நான்கையும் அமைதிக் காலத்திலேயே உறுதிசெய்து வைக்க வேண்டும்.